பெட்டியண்ணன் கேட்ட ஓட்டு

பெட்டியண்ணனுக்கு அவசரம் பிறவிக்குணம். பஸ் நிற்பதற்கு முன்பே படியில் வந்து நிற்கிற ஆள். வெளிநாட்டில், ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது அவர் வேலை. எந்நேரமும் இஸ்திரிப்பெட்டியும் கையுமாக இருப்பதால் அந்தப் பெயர். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. கேலிக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

ஊரில் வார்டு மெம்பர் தேர்தல் வந்தது. அவர் வீட்டம்மா சுயேச்சையாக நின்றார். “குழாயில தண்ணி வரலைன்னு எத்தனை தடவை போய்க் கேக்குறது? இனிமே கேக்குற இடத்துல நிக்க மாட்டேன், பதில் சொல்ற இடத்துல உக்காரப் போறேன்” என்று அவர் போனில் சொன்னபோது அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்குப் பெருமை.

“சின்னம் இஸ்திரிப்பெட்டி கேளு. நம்ம சோறு அதுலதானே வருது” என்று யோசனை சொன்னார். வீட்டம்மாவும் அதையே எழுதிக் கொடுத்தார். அதோடு அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதுதான் அவருக்கு வராதே. சின்னம் ஒதுக்குவதற்கு முதல் நாளே, டீ நேரத்தில் சலவைக்கூடத்து வாசலில் நின்று, நீராவி புஸ் புஸ் என்று சீறும் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியப் பேசி, ஊர்க்காரர்களும் உறவுக்காரர்களும் இருக்கிற வாட்ஸப் குழுக்கள் அத்தனைக்கும் அனுப்பிவிட்டார்.

“நான்தான் பேசுறேன்! என்னை உங்க எல்லாருக்கும் தெரியும்! என் சம்சாரம் நிக்குது. எனக்காகப் போடுங்க! நம்ம சின்னம் இஸ்திரிப்பெட்டி, இஸ்திரிப்பெட்டி, இஸ்திரிப்பெட்டி!”

மறுநாள், எதிர்த்து நின்ற லாரிக்காரரும் அதே சின்னத்தைக் கேட்டார். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இஸ்திரிப்பெட்டி லாரிக்காரருக்குப் போனது. வீட்டம்மாவுக்குக் கிடைத்தது சீப்பு.

அண்ணன் பதறியடித்துக்கொண்டு பதிவுகளை அழித்தார். அழித்து என்ன பயன்? அவருடைய அத்தை, மருமகன் குரல் என்ற பாசத்தில், அதை வார்டு முழுக்க அனுப்பி முடித்திருந்தார். வீட்டம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“சரி, விடுங்க” என்றார் வீட்டம்மா.

கல்யாணமான எவரையும் கேளுங்கள், அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறதென்று சொல்வார்கள். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் “தலைக்கு மேல வேலை கெடக்கு, வைங்க” என்பதோடு பேச்சு முடிந்தது. கோபம்தான், வேறென்ன என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன் மாமா” என்று மடிப்பு மாமாவிடம் புலம்பினார். மடிப்பு மாமா பக்கத்து மேசையில் படுக்கை விரிப்பு மடிப்பவர். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்.

“ஒன் தலைக்கும் சீப்புக்கும் என்னைக்குய்யா ஒத்துப்போயிருக்கு?” என்றார்.

வாக்கு எண்ணும் நாளும் வந்தது. டீ குடிக்கிற அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கட்சிகள், பெரிய தலைகள், கலர் கலராகப் படங்கள். அண்ணனின் வார்டை மட்டும் காணோம். ஒரு வார்டு மெம்பர் முடிவை எந்த டிவி சொல்லும்? எண்ணும் இடத்துக்குப் போயிருந்த மச்சினன்தான் அவருக்கு டிவி. இயந்திரங்கள் பக்கத்தில் போன் கூடாது என்பது சட்டம். ஆகவே போன் அலமாரியில் இருந்தது, அண்ணனின் மனசும் அங்கேயே இருந்தது.

டீ நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தார். ‘லாரி முன்னால போகுது மாமா’ என்று ஒரே ஒரு செய்தி. திரும்பி வந்து ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் பெட்டியை வைத்தார், எடுக்க மறந்துவிட்டார். கருகல் வாசனை வந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

மேற்பார்வை அம்மையார் வந்தார். வேறு தேசத்துக்காரர், வேறு பாஷை. என்ன ஆச்சு என்று கையை விரித்துக் கேட்டார். அண்ணன் தெரிந்த நாலு சொல்லில் மனைவி, ஓட்டு என்றார். சீப்புக்கு அவருக்குச் சொல் தெரியவில்லை. விரல்களை விரித்துத் தன் மொட்டைத் தலையில் முன்னும் பின்னுமாக வாரிக் காட்டினார். அம்மையார் முறைத்துப் பார்த்தார், புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தாமே போய் அலமாரியிலிருந்து போனைக் கொண்டுவந்து இஸ்திரி மேசையில் வைத்தார். கருகின சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போன் அடித்தது. மச்சினன் இல்லை, வீட்டம்மாவே.

“ஜெயிச்சாச்சுங்க! முப்பத்தோரு ஓட்டு வித்தியாசம்!”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “என்னை மன்னிச்சுடு தாயி. நான் பண்ணின வேலைக்கு நீ ஜெயிச்சதே பெருசு” என்று அழ ஆரம்பித்தார்.

“எதுக்கு மன்னிப்பு? உங்க குரலை வெச்சுத்தானே ஓட்டுக் கேட்டேன்!”

“என்னது?”

“ஆட்டோவுல மைக் கட்டி மொதல்ல உங்க பேச்சைப் போடுவோம். மூணு தடவை இஸ்திரிப்பெட்டின்னு கத்துவீங்க. ஒடனே நான் மைக்கைப் பிடிச்சு, ‘கேட்டீங்களா, இதுதான் என் வீட்டுக்காரர். தலையில முடி இல்லாதவருக்குச் சீப்பு எப்படிங்க ஞாபகம் வரும்? நீங்களாவது மறந்துடாதீங்க’ன்னு சொல்லுவேன். தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும். வார்டுல சீப்பை மறந்தவங்க ஒருத்தரும் இல்லை.”

“அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா இன்னொண்ணு பேசி அனுப்பியிருப்பீங்க.”

அண்ணன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். வீட்டம்மாவின் குரல் கொஞ்சம் தணிந்தது.

“நீங்க போனப்ப பொறக்காத பிள்ளைங்ககூட இப்போ உங்களை மாதிரியே பேசிக் காட்டுதுங்க. தெருத்தெருவா உங்க குரல்தான். நீங்களும் ஆட்டோவுல பக்கத்துல உக்காந்து வர்ற மாதிரியே இருந்துச்சு. அதனாலயே எனக்குப் பயம் வரலை.”

இத்தனை வருஷமாகப் பணம் அனுப்பினார், சாமான் அனுப்பினார். தான் ஊரில் இல்லாத ஆளாகிவிட்டோம் என்ற வருத்தம் மட்டும் உள்ளே கிடந்தது. அது அந்த நிமிஷத்தில் போயேபோய்விட்டது. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். என்ன ஏதென்று கேட்காமலே மடிப்பு மாமாவும் சிரித்தார். யாரோ ஒரு சீப்பைக் கொண்டுவந்து அண்ணனின் சட்டைப் பையில் செருகினார்கள்.

“நன்றி சொல்லி ஒண்ணு பேசி அனுப்புங்க, மைக்ல போடணும். இந்தத் தடவை யோசிச்சுப் பேசுங்க” என்று சொல்லி வீட்டம்மா போனை வைத்தார்.

சத்தத்தை நிறுத்தச் சொல்லி மடிப்பு மாமா கையைக் காட்டினார். மேற்பார்வை அம்மையாரே போய் நீராவியை நிறுத்தினார். அந்தக் கூடம் பகலில் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. அண்ணன் போனை வாயருகே பிடித்தார். முகத்தைத் துடைத்து, தொண்டையைச் செருமி, நிதானமாக ஒருமுறை யோசித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். மெம்பரம்மா வீட்டுக்காரன் பேசுறேன்” என்று ஆரம்பித்தார்.