ஈரம் போன விதைகள்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. அதுதான் அவருடைய வியாதி. மகள் படிக்கும் நாட்டுக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பி வந்தோம். வந்த வாரமே அவளுடைய சின்ன வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவை நிமிர்த்தினார், ஒழுகிய குழாயைச் சரிசெய்தார், பால்கனிக் கம்பியைத் துருப்போகத் தேய்த்தார். "ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்று நான் கத்தாத நாள் கிடையாது. கேட்டால்தானே!

ஊரில் அவருக்கு விதைக்கடை. அங்கே வாங்கிய விதை முளைக்கவில்லை என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. விதையை வாயில் போட்டுக் கடிப்பார். நன்றாகக் காய்ந்து 'கடக்' என்று சத்தம் வந்தால்தான் மூட்டை கட்ட விடுவார். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகள் படிப்பது காட்டைப் பற்றி. மழை ஓயாத காட்டில் எந்த மரம் எப்படி முளைக்கிறது, எந்தக் கன்று பிழைக்கிறது என்று பார்க்கும் படிப்பு. அதிலும் அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மரத்தை. மகா திமிர் பிடித்த மரம். நினைத்தால் காய்க்கும், இல்லாவிட்டால் பல வருஷம் சும்மா நிற்கும். படிக்க வந்த நாளிலிருந்து அதற்காகவே காத்திருந்தாள். நாங்கள் வந்திருந்த நேரம் பார்த்து அது காய்த்துத் தொலைத்தது.

உடம்பெல்லாம் சேறும் அட்டைக்கடியுமாக, வாயெல்லாம் பல்லாக ஒரு பையோடு வந்து நின்றாள். பைக்குள் ஈர மரத்தூள், அதற்குள் நெல்லிக்காய் அளவில் விதைகள். கல்லூரியில் விதைகளை வைக்கும் அறையில் குளிர் மெஷின் கெட்டுப்போயிருந்ததாம். ஒரு ராத்திரி வீட்டில் இருக்கட்டும், மறுநாள் கொண்டுபோய் ஊன்றிவிடலாம் என்று குளியலறை ஓரத்தில் வைத்தாள். காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

நான் காய்கறி வாங்கக் கீழே போனேன். திரும்பி வருவதற்குள் மனிதர் வேலையைக் காட்டிவிட்டார். பால்கனியில் என் போர்வையை விரித்து, விதைகளைப் பரப்பி, பக்கத்தில் மேசை விசிறியை வேறு ஓடவிட்டுக் குந்தியிருந்தார். கொளுத்துகிற வெயில்.

"அத்தனையும் பூஞ்சை பிடிக்கப் பாத்துச்சு. படிச்ச பிள்ளை, இது தெரியல பாரு" என்றார்.

ஊரில் பார்த்துப் பழகிய காட்சிதானே. எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. போர்வை கறையாகிறதே என்றுதான் திட்டினேன்.

மத்தியானம் மகள் பையை எடுக்க வந்தாள். பால்கனியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அய்யோ அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"காயப் போட்டிருக்கேன் கண்ணு. கையில எடுத்துப் பாரு, சலசலன்னு எப்படி ஆயிடுச்சு!"

"இது காஞ்சா செத்துரும்ப்பா."

"விதை காஞ்சா சாகுமா? எந்த ஊர்ல?"

"இந்த ஊர்ல சாகும்ப்பா! இந்தக் காட்டு விதைக்கு ஈரம்தான் உயிரு. கீழ விழுந்த உடனே முளைக்கணும். காய வெச்சா அவ்வளவுதான்."

சமையலறைக் கத்தியை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒன்றை வெட்டினாள். உள்ளே பழுப்பாகச் சுருங்கியிருந்தது. உயிருள்ளது என்றால் பச்சையாக இருக்கவேண்டுமாம். இன்னொன்று, பழுப்பு. இன்னொன்று, அதுவும் பழுப்பு. அவர் எதிரே குந்தி, ஒவ்வொன்றாகக் கையில் எடை பார்த்து நீட்டினார்.

"இது கனமா இருக்கு, இத வெட்டு."

வெட்டினாள். பழுப்பு.

போர்வை மடிப்புக்குள் சிக்கிய கொஞ்சம் மட்டும் பச்சையாக இருந்தன. ஒரு கைப்பிடிகூட வராது. அதை வைத்து ஆராய்ச்சியும் நடக்காது, ஒன்றும் நடக்காது.

"இப்ப என்னடி ஆகும்?" என்றேன்.

"ஆராய்ச்சிக்கு மேடம் என்னைச் சேத்துக்கிட்டதே இந்த மரத்துக்காகத்தான். வெளிய போன்னு சொன்னாலும் சொல்லிருவாங்க."

அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நட, நான் வந்து சொல்றேன்."

"வேணாம்ப்பா."

"நான் பண்ணின காரியத்துக்கு நீ ஏன் முழிக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூட 'என் தப்புதான்' என்று சொல்லாத மனிதர். குழம்பில் அவரே உப்பை அள்ளிக் கொட்டினாலும் உப்பு வாங்கிய கடைக்காரனைத்தான் திட்டுவார்.

பஸ்ஸில் மிச்ச விதைப் பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். அந்த மேடத்தின் அறை வாசலில் சேறு காய்ந்த பூட்ஸ் கிடந்தது. உள்ளே குட்டை முடியோடு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண்மணி. உட்காரச் சொல்லிக் கைகாட்டியும் இவர் உட்காரவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டார்.

"அம்மா, தப்பு என்னோடது. நான் விதைக்காரன். ஆனா இந்த விதைய எனக்குத் தெரியல. என்னை என்ன வேணா திட்டுங்க. பிள்ளைய விட்டுருங்க."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கண் கரித்தது.

மகள் அதை அந்த ஊர்ப் பாஷையில் எடுத்துச் சொன்னாள். இவர் பேசியதைவிட ரொம்பக் கொஞ்சமாகச் சொன்னாள். சொல்லும்போது தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அந்தம்மாவின் முகம் சிவந்தது. குரலை உயர்த்தாமலே பேசினார், நிறுத்தாமல் பேசினார். ஆனால் பார்வை முழுக்க என் பெண் மேல்தான். இவர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மகள் தலையைக் குனிந்தபடி, சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார்.

"ஊரெல்லாம் சுத்திப் பாத்தீங்களான்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

"பாத்தோம்மா, நல்லாப் பாத்தோம்!" என்று இவர் மலர்ந்துபோனார்.

வெளியே வந்ததும் அவரை முன்னால் நடக்கவிட்டு, மகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அப்பா சொன்னத அவங்ககிட்ட சொன்னியா நீ?"

அவள் முன்னால் போகும் அப்பாவின் முதுகையே பார்த்தாள்.

"உன்னத்தான்டி கேக்கறேன்."

"நான்தான் மறந்துபோய் வெயில்ல விட்டுட்டேன்னு சொன்னேன். வேற என்னம்மா சொல்றது? அப்பா ஒருத்தர் முன்னால கைகூப்பி நின்னு நான் பாத்ததே இல்ல."

"உன் படிப்பு?"

"அந்த மரம் இனிமே எனக்கில்லன்னு சொல்லிட்டாங்க. வேற ஏதாவது குடுத்தா இருப்பேன். இல்லன்னா உங்களோடவே கிளம்ப வேண்டியதுதான்." என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா."

பஸ் நிறுத்தத்தில் அவர் எங்களுக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"தங்கமான மனுஷி! என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல பாத்தியா? தப்ப ஒத்துக்கிட்டா எவ்வளவு லேசா இருக்கு! இத்தனை நாள் இது தெரியாமப் போச்சே." என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே உன்கிட்டயும் ஒத்துக்கறேன், போ."

என் வாயில் அவருக்காக ஒரு வண்டி வசவு தயாராக இருந்தது. மகளின் பிடி இறுகியது.

"ஆமாங்க, தங்கமான மனுஷிதான்" என்றேன்.