மாப்பிள்ளைக்கு ஒரு தனி கிளாஸ்

இன்று கூடலூரில், ஓர் ஏலக்காய் வியாபாரியின் ஆபீஸில் இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் டைரக்டரியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபீஸில் எது என்ன வகை என்பது அதில் பதிந்திருக்கும். வகைக்கு அதில் கிளாஸ் என்று பெயர்: ஊழியர் ஒரு கிளாஸ், பிரிண்டர் ஒரு கிளாஸ்.

போனதுமே முதலாளி தனியே கூப்பிட்டார்.

"தம்பி, இங்க ஆபீஸப் பாத்துக்குற மூத்த மாப்ள கோவிச்சுக்கிட்டாக. அவுகள ஊழியர்னு போட்டிருக்கயாம். நேத்து கறிக்குழம்பத் தொடவே இல்ல. மாப்ளைன்னு தனி கிளாஸ் போட்டுவிடுப்பா."

"போடலாம்ணே. ஆனா ஒருதடவ போட்டா அழிக்க முடியாது. நிறுத்தி மட்டும்தான் வைக்கலாம்."

"மாப்ளையப் போயி யாரு அழிக்கப் போறா?"

போட்டேன்.

தன் மேசையில் அதைப் பார்த்ததும் மூத்த மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. திரையைப் படமெடுத்து உடனே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார்.

பத்தே நிமிடத்தில் ஜெயமங்கலத்திலிருந்து இளைய மாப்பிள்ளையின் போன். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அவருக்கு மட்டும் தனியா, மாமா?"

"உங்களையும் அதுலயே சேத்துர்றேன் மாப்ள."

"சகலையும் நானும் ஒரே கிளாஸா? எனக்கு வேற போடுங்க. இல்லன்னா ஞாயித்துக்கெழம விருந்துக்கு நான் அங்கன வரல."

போனை வைத்துவிட்டு முதலாளி என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தக் கிளாஸ அழிச்சுரு."

"அழிக்க முடியாதுண்ணே. நிறுத்தி வேணா வைக்கிறேன்."

பெருமூச்சு விட்டார். "ஒன் கம்ப்யூட்டர் பரவாயில்லப்பா. எங்க வீட்ல நிறுத்திக்கூட வைக்க முடியல."

நானும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான். அங்கே என்னை இன்னும் நடப்பில் வைத்திருக்கிறார்களா, எப்போதோ நிறுத்தி வைத்துவிட்டார்களா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் நிலவரம் எப்படி?