பத்து வரைக்கும், தாம்பரம் வரைக்கும்

குரோம்பேட்டையில் ரெக்சின் பை கடை வைத்திருக்கும் உமரின் மகள் ரூக்சார், பன்னிரண்டாவது வரை காமர்ஸ் படித்தவள். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்த பிறகுதான், கம்ப்யூட்டர் படிப்பென்றால் கம்ப்யூட்டருக்கு நாம்தான் பாடம் எடுக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரிந்தது. பைத்தான் பிராக்டிகலில் இரண்டு முறை கவிழ்ந்துவிட்டாள்.

முதல் முறை, வரியின் கடைசியில் இரண்டு புள்ளி வைக்க மறந்துபோனாள். லேப் சார் தேவானந்தம் தொண்டையைச் செருமினார். "உன்னைக் கோலமா போடச் சொன்னேன்? கோலன் போடும்மா, கோலன்!"

அடுத்த முறை கோலன் இருந்தது. கீழ்வரி உள்ளே தள்ளி இல்லை. "அது ஏன் செவுத்துல ஒட்டிகினு நிக்குது? உள்ள வந்து உக்காரச் சொல்லு!"

லேபே சிரித்தது. ரூக்சாரும் சிரித்தாள். பிறகு பாத்ரூமில் போய் அழுதாள்.

இன்று மூன்றாவது முறை. இதிலும் போனால் இரண்டாம் வருஷம் கிடையாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. அத்தா அதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "போச்சுன்னா கடைக்கு வந்துடு. ஜிப்பு மாட்டக் கத்துக்கலாம்."

அந்த ஜிப்பையே நினைத்துக்கொண்டு வந்த ரயிலில் ஏறிவிட்டாள். தாம்பரத்தில் பெட்டியே காலியானது. அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கடலை விற்கும் அக்கா கூடையைத் தலையில் ஏற்றியபடி அதட்டினாள்.

"இன்னா பாப்பா, ஷெட்டுக்கா போற? இது தாம்பரம் வரைக்கும்தான். எறங்கு எறங்கு!"

செங்கல்பட்டு வண்டி பிடித்து, வேர்க்க விறுவிறுக்க லேபுக்குள் நுழைந்தபோது எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வந்த கேள்வி: பதினேழாம் வாய்ப்பாடு, ஒன்றிலிருந்து பத்து வரைக்கும்.

எதிலிருந்து எதுவரை என்று சொல்ல, ரேஞ்ச் என்று அடித்தாள். ஒன்று, கமா, பத்து. கோலன் வைத்தாள். அடுத்த வரியை உள்ளே தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டாள். சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை! வாழ்க்கையில் முதல் தடவை.

வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் தோத்தாத்ரி, மூக்காலேயே பேசுகிறவர், குனிந்து பார்த்தார்.

"நன்னா இருக்கே. ஒன்பதோட நிக்கறதே, பத்து எங்கே? ஆத்துலயே விட்டுட்டு வந்துட்டியா? இன்னொரு சுத்து வரேன். அதுக்குள்ள கூட்டிண்டு வா."

ரூக்சார் திரையில் விரல் வைத்து வரிகளை எண்ணினாள். பத்து என்றுதானே போட்டிருக்கிறாள்! அழித்துவிட்டு மறுபடி பத்து அடித்தாள். ஒன்பது. பூஜ்யம் தேய்ந்த பட்டனோ என்று அழுத்தி அடித்தாள். ஒன்பது. 'யா அல்லாஹ், பத்து வரைக்கும்னா பத்தும் சேர்த்திதானே? தாம்பரம் வரைக்கும்னா வண்டி தாம்பரத்துக்கு வருதா இல்லையா?'

கை கீபோர்டின் மேலேயே நின்றது.

வருது. அது ரயில். இந்தச் சனியன் தாம்பரம் என்றால் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, சானடோரியத்திலேயே, நின்றுவிடுகிறது. அப்படியானால் இதனிடம் அடுத்த ஸ்டேஷனான பெருங்களத்தூர் என்று பொய் சொன்னால்தான் தாம்பரத்தில் இறக்கிவிடும்.

பத்தை அழித்துப் பதினொன்று போட்டாள். நூற்று எழுபது வந்து கடைசி வரியில் உட்கார்ந்தது.

தோத்தாத்ரி திரும்பி வந்தார். "பதினொண்ணு ஏன் போட்டே? காரணம் சொல்லு."

மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் எல்லாம் ஆவியாகிவிட்டது. "சார்... இது சொன்ன எடத்துக்கு முன்னாடி ஸ்டேஷன்லயே நின்னுடுது சார். தாம்பரம் போவணும்னா பெருங்களத்தூர்னு சொல்லணும். இல்லன்னா சானடோரியத்துலயே எறக்கி வுட்டுடும்."

பக்கத்து சீட்டில் யாரோ களுக்கென்றார்கள். தோத்தாத்ரி சிரிக்கவில்லை. அவள் கண்முன்னால் ஜிப்பு ஜிப்பாகத் தெரிந்தது.

"எனக்கு சானடோரியம்தான் வீடு," என்றார். "என்னை மட்டும் சரியா இறக்கி விட்டுடும் போலிருக்கு. பாஸ் போட்டுட்டேன், போ."

வராந்தாவில் நின்று போன் போட்டாள். "அத்தா, பாஸ்!"

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப முடிஞ்சுதா?"

"அடுத்த செமஸ்டர் சி லாங்குவேஜ் இருக்குத்தா."

"அதுக்கும் ரெண்டு புள்ளிதானே? அதான் கத்துக்கினியே."

"இல்லத்தா," அவள் குரல் மறுபடி இறங்கிவிட்டது. "அதுல செமிகோலனாம். ஒவ்வொரு வரிக்குமாம்."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. "எதுக்கும்," என்றார் உமர், "ஜிப்பை நான் எடுத்தே வைக்கிறேன்."