அரிசிக்கு முன்னே உலை

என் அக்கா தைத்த தையல் பிரியாது. பிடித்த பிடிவாதமும் அப்படித்தான். அத்தான் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு, ஜன்னல் திரை தைத்தே குடும்பத்தை இழுத்தாள். நானும் அங்கேதான் ஒண்டியிருந்தேன்.

அன்று காலை அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு மணிகூட விழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பட்டினியாகப் போன அவள் மகள் மதியம் சாப்பிட வருவாள். அக்காவோ கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு உலையை வைத்தாள்.

"எதைப் போடப் போறே? கல்லையா?"

"இன்னைக்கு வேண்டியதைக் கடவுள் இன்னைக்குத் தருவார். பானையை ஏத்துறது நம்ம வேலை."

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா?"

"யாருடி சும்மா உக்காந்தா?" என்றபடி, தைத்து முடித்த திரைகளை மடித்தாள்.

அவை ஒரு விடுதிக்கானவை. துணி அவர்களுடையது. அக்கா பார்த்துப் பார்த்து வெட்டியதில் நல்ல நீளமாக ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. எங்கள் தொழிலில் வெட்டுமிச்சம் தைத்தவருக்குத்தான். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. அதைக் கொடுத்தால் அரிசி தருவதாகத் தெருமுனைக் கடைக்காரி சொல்லியிருந்தாள்.

"அதைக் கொடுத்தா சோறு பொங்கிடலாம், அக்கா."

"அது நம்மளுது இல்லடி."

"ஊரே எடுக்குது!"

"எடுக்கட்டும். கடவுள்கிட்ட ஏந்தின கையாலேயே அடுத்தவங்க துணியை எடுக்கச் சொல்றியா?"

"அவகிட்ட பேசி ஜெயிச்சவன் எவன்?" என்று உள்ளேயிருந்து அத்தான் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையின் வயிற்றுக்கு நியாயம் தெரியுமா? அவள் துண்டையும் சேர்த்தே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விடுதியில் நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். துண்டைப் பார்த்ததும் மேலாளர் அம்மாள் மெச்சுவாள் என்றுதானே நினைப்போம்? முகம் சிவந்துவிட்டதாம். எந்தத் தையல்காரரும் அவளிடம் துண்டைத் திருப்பித் தந்ததில்லை. அப்படியானால் இவள் திரைகளைக் குட்டையாக வெட்டியிருக்க வேண்டும்!

"எல்லாத்தையும் இப்பவே மாட்டிக் காட்டு!"

மாட்டிய பிறகுதான் கூலி என்பது பேச்சு. மாட்டுகிற ஆள் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. அக்கா வெறும் வயிற்றோடு ஏணியில் ஏறி, அறை அறையாக அத்தனையையும் மாட்டினாள். ஒவ்வொன்றும் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அந்த அம்மாள் அசடு வழிந்தபடி கூலியை அங்கேயே கொடுத்துவிட்டாள். சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அக்கா அரிசிப் பையோடு உள்ளே நுழைந்தபோது குழந்தை இன்னும் வந்திருக்கவில்லை. நேரே அடுப்புக்குப் போய்ப் பானையை எட்டிப் பார்த்தாள்.

"உலை வத்தவே இல்லையே?"

"வத்த வத்த நான்தான் தண்ணி ஊத்தினேன்," என்றேன் எரிச்சலோடு. "பேச்சை விடு. அரிசியைக் களை, புள்ள வந்துடும்."