டோவ்ரே மலையில் கதிர்காமத்து நேர்த்தி

போன கிழமை ஒஸ்லோவின் பழைய நகரப் பகுதியில் ட்ராமுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். ஒரு ஜெர்மன் பெண் வந்து, இடிந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் தன்னைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டாள். முதுகில் அவளைவிடப் பெரிய பை. பழைய கிறிஸ்தவ யாத்திரைப் பாதை அந்த இடிபாட்டில்தான் தொடங்குகிறது; பள்ளத்தாக்குகளையும் மலைகளையும் தாண்டி வடக்கே டிரொன்ட்ஹைம் பேராலயம் வரை நடப்பார்கள். கிட்டப் போனபோது அவளுடைய முழங்காலில் இருந்து கற்பூர மணம் அடித்தது. ஏதோ வலிக் களிம்பு. எனக்குச் சிரிப்பு வந்து கை ஆடிவிட்டது. படத்தில் சுவர் மட்டும் விழுந்திருந்தது. பாவம், நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் சிரித்தேன் என்று அவளுக்கு விளக்க முடியாது. உங்களுக்குச் சொல்லலாம். அந்த இடத்தில், அந்த மணத்தோடு, எங்கள் அத்தான் ஒருமுறை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு யாத்திரை புறப்பட்டார்.

அத்தான் என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. ஒஸ்லோவில் பேருந்து ஓட்டியவர். வீடு ஹொல்ம்லியாவில். நான் நகரத்தின் மற்ற மூலையில், ஹவுகன்ஸ்டுவாவில் இருந்தேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஹொல்ம்லியாவில்தான் காணலாம். அவர்களுக்கு ஒரே மகள், மயூரி. பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியும் நடை வரவில்லை. வைத்தியர்கள் ஏதேதோ சோதித்துவிட்டு, பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அன்றைக்கு அத்தான் கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை நடந்தால், தானும் யாழ்ப்பாணத்தில் இருந்து கதிர்காமம் வரைக்கும் நடந்து வருவதாக. அடுத்த மாதமே பிள்ளை கதிரையைப் பிடித்து எழும்பி, தொலைக்காட்சியை நோக்கி நடந்தது. முருகன் தன் பங்கை முடித்துவிட்டார். அத்தானின் பங்கு அப்படியே நின்றது.

நிற்பதற்குக் காரணங்கள் இருந்தன. முதலில் போர். போர் முடிந்தபோது லீவு இல்லை. லீவு கிடைத்தபோது, கதிர்காமப் பாதை போகும் யால காட்டுக்குள் சிறுத்தை நிற்குதாம் என்று அக்கா மறித்தாள். இதற்கிடையில் அந்த நேர்த்தி எங்கள் வீட்டில் ஒரு ஆளாகவே குடியிருக்கத் தொடங்கிவிட்டது. குளிரில் கார் கிளம்பாவிட்டால், "நேர்த்தி கிடக்கெல்லே" என்பார் அத்தான். நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் வந்தாலும் அதுதான். அக்காவின் புட்டு கட்டிபட்டாலும் அதுதான். நான் நோர்வேஜிய மொழிப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறியபோது, அத்தானின் நேர்த்தி என்னையும் பிடித்து இழுக்கிறது என்று அக்கா சமாதானம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. புத்தகத்தைத் திறக்காத விஷயம் எனக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

ஒரு நன்மையும் இருந்தது. அந்த வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லிச் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. குற்றமெல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நேர்த்தி எதற்காக என்று மட்டும் மயூரிக்குச் சொல்லவில்லை. நிறைவேற்றும் முன் பிள்ளைக்குச் சொன்னால் பலன் தங்காது என்று அக்காவுக்குப் பயம். அப்பாவின் விசாவுக்காக வைத்தது என்றுதான் மயூரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அத்தானின் வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. இலையுதிர் காலத்தில் வெட்டி, உள்ளே உலோகம் வைப்பதாக நாள் குறித்தார்கள். மனிதர் கலங்கிவிட்டார்.

"இரும்புக் காலால நடந்தா அது ஆரின்ரை நடை? நான் நேர்ந்தது இந்தக் காலை வைச்செல்லோ."

கோடைக்குள் நடந்து முடித்தாக வேண்டும். கதிர்காமத்துக்குப் புறப்படும் காலமோ அந்த வருடம் கடந்துவிட்டது. அப்போதுதான் அத்தானுக்குத் தான் தினமும் பேருந்தில் தாண்டிப் போன, அந்த யாத்திரைப் பாதையைக் காட்டும் கம்பம் நினைவுக்கு வந்தது. விசாரித்துப் பார்த்தார். அந்தப் பாதை போய்ச் சேர்வது ஓலாவ் என்ற பழைய அரசரின் கல்லறைக்கு; போரில் மாண்டு புனிதரானவர். சிலையில் கையில் கோடாலி.

"முருகனுக்கு வேல், இவருக்குக் கோடாலி. ரெண்டு பேரும் ஒரே டிப்பாட்மென்ட்தான்" என்றார் அத்தான். இனி எங்கள் கோயில் ஐயர் சம்மதித்தால் சரி.

ஐயரைக் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"போற பாதையில மலை இருக்கோ?" என்றார் ஐயர்.

"இருக்கு ஐயா. கோடையிலும் பனி கிடக்குமாம்."

"மலை எண்டா முருகன்ரை இடம்தான். போங்கோ."

"லீவு காணாது ஐயா. இடையில கொஞ்சத் தூரம் ரயில் ஏறலாமோ?"

ஐயர் கண்ணை மூடி யோசித்தார். "அவரும் மயில் ஏறித்தானே போறவர். ஏறுங்கோ."

தோல் செருப்பு ஆகாது, மச்ச மாமிசம் ஆகாது, முடிவில் கற்பூரம் கொளுத்த வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. வெறுங்காலோடு நடக்கத்தான் அத்தானுக்கு விருப்பம். மயூரி விடவில்லை. பிள்ளை இதற்குள் வளர்ந்து பிசியோதெரபிஸ்ட் ஆகியிருந்தாள்; இந்த முழங்காலோடு நடப்பதே விசர் வேலை, கூட வருவது தடுக்கத்தான் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். தோலில்லாத சப்பாத்து தேடி, கடைசியில் பச்சை நிற ரப்பர் பூட்ஸில் வந்து நின்றார்கள். எனக்கு அக்கா இட்ட வேலை அத்தான் விழுந்தால் தூக்குவது. முதுகுவலிக்காரனை எதற்கு நம்பினாளோ தெரியாது. என் பையில் ரைஸ் குக்கர் ஒன்றையும் திணித்துவிட்டாள். மலைக் குடிசைகளில் மின்சாரம் இருக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புறப்படும் அன்று அந்த இடிபாட்டின் முன்னால் அத்தான் தேங்காய் உடைத்தார். அரசர் காலத்துக் கல்லில் அடிக்கக் கூடாது என்று மயூரி கத்தியதால் நடைபாதை விளிம்பில் அடித்தார். சில்லுகள் சிதறின. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர் நின்று பார்த்தார். நாய் பிரசாதம் சாப்பிட்டது. கிழவர் எதுவும் கேட்கவில்லை. ஒஸ்லோவில் கேட்க மாட்டார்கள்.

நகரத்தை விட்டு நடந்து வெளியேறி, பிறகு ரயில் ஏறி, குட்பிரான்ட்ஸ்டால் பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி நடந்தோம். கீழே ஆறு, பக்கத்தில் தண்டவாளம், அதற்கப்பால் பெருந்தெரு. அத்தானின் பூட்ஸ் அடிக்கொரு தரம் கிறீச் கிறீச் என்றது. பேருந்துத் தரிப்பிடம் கண்டால் அவருடைய கால் தானாக நிற்கும்; ஏற ஆளில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் அடுத்த அடி. எதிரே பேருந்து வந்தால் கை தூக்குவார். ஓட்டுநர்களுக்குள் அது வழக்கம். அவர்களும் பச்சை பூட்ஸ் போட்ட இந்த மனிதரைப் பார்த்துக் குழப்பத்தோடு கை தூக்கினார்கள். ஒருவர் வண்டியை நிறுத்திக் கதவையே திறந்துவிட்டார்.

"முருகன் சோதிக்கிறான், பாக்காமல் நடவுங்கோ" என்று அத்தான் எங்களை விரட்டினார்.

சாப்பாடு பெரும்பாடு. எந்தப் பண்ணை வீட்டில் தங்கினாலும் அன்போடு இறைச்சிதான் வைத்தார்கள். நாங்கள் பழுப்புப் பாலாடைக்கட்டியிலும் பாண் ரொட்டியிலும் உயிர் பிடித்தோம். படுக்கத் தந்த பழைய களஞ்சியங்களில் மின்சாரம் இல்லை; நான் குக்கரைச் சுமந்தபடி, அதில் சோறு வேகும் மணத்தை நினைத்துக்கொண்டு நடந்தேன். ட்ராமில் பக்கத்தில் இருந்தாலும் முகம் பார்க்காத நோர்வேக்காரர்கள் பாதையில் கண்டால் "ஹெய்" என்று சொல்வார்கள். அத்தான் ஒவ்வொருவருக்கும் "அரோகரா" என்று பதில் சொன்னார். முதல்நாள் மயூரி வெட்கத்தில் நூறடி முன்னால் போய்விட்டாள். மூன்றாம் நாள், எங்களை முந்திப்போன ஒரு வயதான நோர்வேத் தம்பதி திரும்பிப் பார்த்து "அருகாரா!" என்று கூவியபோது அவளும் சிரித்துவிட்டாள்.

வழியில் ஒரு பழைய மரத் தேவாலயம். தார் பூசிய பலகைகள் வெயிலில் மணத்தன. அங்கே இருந்த பெண் போதகர் எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, எல்லா யாத்திரிகரிடமும் கேட்பதுபோல அத்தானிடமும் கேட்டார், எதற்காக நடக்கிறீர்கள் என்று. அத்தான் நேர்மையான மனிதர். கோயிலுக்குள் நின்று பொய் சொல்ல வராது. பேருந்து ஓட்டுநரின் நோர்வேஜிய மொழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: என் மகளுக்கு நடை வரவில்லை, நான் நடப்பதாகச் சொன்னேன், அவள் நடந்துவிட்டாள், நான் இன்னும் நடக்கவில்லை.

மயூரி கோப்பிக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"எனக்கோ? அது எனக்கு வைச்சதோ?"

"ஓம் பிள்ளை."

"நான் விசாவுக்கெண்டெல்லோ நினைச்சனான்!"

அதற்குப் பிறகு அவள் முன்னால் ஓடவில்லை. அத்தானின் பக்கத்திலேயே, அவருடைய வேகத்தில் நடந்தாள். ஓய்வெடுக்கும் இடங்களில் முழங்காலுக்குக் கற்பூரம் போட்ட எண்ணெயைப் பூசிவிட்டாள். மருந்துக் கடைக் களிம்புதான் நல்லது என்று அதுவரை சண்டை பிடித்தவள். நான் குக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டோவ்ரே மலைமேல் ஏறியபோது மரங்கள் எல்லாம் பின்தங்கிவிட்டன. பாசியும் கல்லும் காற்றும்தான். அங்கே மொஸ்கஸ் என்றொரு மிருகம் உண்டு. கம்பளி போர்த்திய எருமை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டப் போகாதீர்கள், மோதும் என்று வழியிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு திருப்பத்தில் அது பாதைக்குக் குறுக்கே நின்றது. மயூரி எங்களைப் பின்னுக்கு இழுத்தாள். அத்தான் அசையவில்லை. முகத்தில் இரத்தம் இல்லை.

"தம்பி, எருமை நிக்குது. ஏறி வந்தவர் எங்கை?"

எமனைத் தேடுகிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

"அத்தான், இது இஞ்சத்தை மிருகம். புல்லுத் தின்னுறது."

"எல்லா எருமையும் புல்லுத்தான் தின்னும்."

அவர் கைகளைக் கூப்பிக்கொண்டு அந்த மிருகத்தோடு நோர்வேஜிய மொழியில் பேசத் தொடங்கினார். இந்த ஊருக்கு அனுப்பப்பட்டவருக்கு இந்த ஊர்ப் பாஷைதான் விளங்கும் என்று நினைத்திருக்க வேண்டும். மேலதிகாரியிடம் லீவு கேட்கும் அதே குரல். தயவுசெய்து இரண்டு கிழமை தாருங்கள், பாதையை முடித்துவிட்டு நானே வந்து அறிவிக்கிறேன். மொஸ்கஸ் அவரைப் பார்த்தது. நீண்ட நேரம் மென்றது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"தந்திட்டார்!" என்று அத்தான் துள்ளித் திரும்பினார். முழங்கால் அவரோடு சேர்ந்து திரும்பவில்லை. அப்படியே விழுந்தார். நான் தூக்கப் போய், குக்கரோடு அவர்மேல் விழுந்தேன்.

கால் வீங்கிவிட்டது. இனி ஒரு அடியும் கூடாது என்றாள் மயூரி. அத்தான் ஒரு கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை, பார்க்க முடியவில்லை.

"இனி எனக்கு இந்தக் காலில்லை. நான் குடுக்காமலே போகப்போறன்."

"நான் நடக்கிறன் அப்பா. மிச்சத்தை நான் நடக்கிறன்."

"அது செல்லுமோ?"

யாருக்குத் தெரியும்? மேட்டில் ஏறி நின்று ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பூசை நேரம். மணிச் சத்தத்துக்கு நடுவில் நான் கத்திக் கத்தி நிலைமையை விளக்கினேன். ஐயரும் திரும்பக் கத்தினார்.

"நடக்க வைச்சதே அந்தப் பிள்ளையின்ரை காலைத்தானே? அது நடந்தா முருகனுக்கு இன்னும் விசேஷம்."

நானும் அத்தானும் நொண்டி நொண்டி மலைமேல் இருந்த சின்ன ரயில் நிலையத்தை அடைந்து, டிரொன்ட்ஹைம் போய்ச் சேர்ந்தோம். அறையில் மின்சாரம் இருந்தது. குக்கர் ஒருவழியாகச் சோறு வேகவைத்தது. அத்தான் தினமும் பேராலயத்தின் முன்னால் போய் உட்காருவார். முகப்பு முழுக்க வரிசை வரிசையாகச் சிலைகள். "கோபுரமெல்லோ கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்று எனக்குக் காட்டினார். ஒருநாள் பின்னேரம் மயூரி வந்தாள். மழையில் நனைந்து, வெயிலில் கறுத்து, நொண்டிக்கொண்டு. புல்லில் விழுந்தவளின் சப்பாத்தைக் கழற்றி, கால்களை மடியில் வைத்து, மிஞ்சிய எண்ணெயை எல்லாம் அத்தான் அவளுக்குத் தேய்த்துவிட்டார். ஒரு துண்டுக் கற்பூரத்தைக் குக்கர் மூடியில் வைத்துக் கொளுத்தினோம். காவலாளி வந்து பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது. எனக்கு என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பூசை நினைவில்லை.

நேர்த்தி தீர்ந்தது. முழங்காலும் மாற்றியாயிற்று. அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் சமையலறைக் குழாய் உறைந்து வெடித்தது. எல்லோரும் வழக்கப்படி அத்தானைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டார்.

"ஹீற்றரை நிப்பாட்டினது நீங்கள்தானே?" என்றாள் அக்கா.

"நீ ஏன் பாக்கேல்லை?" என்றார் அத்தான்.

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சண்டை அது. பிறகு அடிக்கடி கேட்டேன். எனக்கும் பங்கு கிடைத்தது. உன் பரீட்சை உன் சோம்பலால் போனது என்று அக்கா முகத்துக்கு நேரே சொன்னாள். முருகனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த ஒரு குடும்பம் எவ்வளவு சத்தம் போடும் என்று அப்போதுதான் கண்டேன்.

சில வருடம் போய் அக்காவுக்கு வருத்தம் வந்தது. கெட்ட நோய். மயூரி, "அம்மாவுக்கும் ஒண்டு வைப்பம் அப்பா" என்றாள். அக்கா படுக்கையில் இருந்தபடியே மறித்தாள்.

"வேண்டாம். நான் போயிட்டா, அந்த மனுசன் அதையும் தன்ரை தலையில போட்டுக்கொண்டு திரியும்."

அவள் போன அன்று காலை, நானும் அத்தானும் வைத்தியசாலைக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தான் தன் புது முழங்காலைக் கையால் தடவிக்கொண்டு இருந்தார்.

"முந்தியெண்டா நான் நடக்காததாலதான் எண்டு சொல்லி அழுதிருப்பன் தம்பி" என்றார். "இப்ப அவள் சும்மா போயிட்டாள்."