கைதட்டத் தெரியாத ஊர்

டேனிஷ்காரர் வரிசையில் நிற்கவே பிறந்தவர்கள். கைதட்டும்போதும் அப்படித்தான். பாட்டுத் தொடங்கினால் மண்டபம் முழுக்க நாலடித் தாளத்தின் ஒன்றிலும் மூன்றிலும், ஆணி அடிப்பதுபோல, டப் டப் என்று அறைவார்கள். நான் இரண்டிலும் நான்கிலும் தட்டுவேன். பக்கத்தில் இருப்பவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, சரியான இடத்தைத் தட்டிக் காட்டுவார். நானும் "டக்" என்று நன்றி சொல்லிவைப்பேன்.

இரண்டிலும் நான்கிலும் தட்ட எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு கறுப்பு அமெரிக்கர். ரிதம் அண்ட் புளூஸ் இசை பிறந்த காலத்தில் பியானோ வாசித்தவர். அவருடைய இடதுகை வாசிப்பைத் திருடிய வெள்ளைப் பொடியன்கள் உலகப் புகழ் பெற்றார்கள். அவரோ கச்சேரிக்கு வந்த இடத்தில் ஒரு டேனிஷ் பெண்ணைக் கட்டி, இக்காஸ்ட் ஊர்த் துணி ஆலையில் என்னோடு பெட்டி அடுக்கினார். நான் யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளில் டோல்கி அடித்தவன். மதிய இடைவேளையில் அவர் மேசையில் விரலால் வாசிக்க, நான் சாப்பாட்டுப் பெட்டியில் அடிப்பேன். அந்த அரை மணி நேரம் மட்டும் நான் அகதி இல்லை. மேற்பார்வையாளர் ஹென்னிங் வந்துவிடுவார். அவருடைய டேனிஷை எங்கள் தமிழில் சொன்னால், "சத்தம் போடாதேங்கோ, ஆக்கள் சாப்பிடுகினம்."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் பியானோக்காரர் இறந்த பிறகுதான் யானையானார். இப்போது அவர் பெயரில் ஒரு ஃபொரனிங், அதாவது சங்கம். மூன்று டேனிஷ்காரர் சந்தித்தால் ஒரு சங்கம் வைப்பார்கள். நாங்கள் மூவர் சந்தித்தால் இரண்டு வைப்போம். தலைவர் யார் என்கிறீர்கள்? ஓய்வுபெற்ற ஹென்னிங்தான்.

போன மாதம் நினைவு விழாவுக்கு அவர் என்னை அழைத்தார். "நீ இல்லாமல் விழா இல்லை. நீ அவரோடை வாசிச்சனி." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டோல்கியை இறுக்கி மூன்று கிழமை பழகினேன். வெறுங்கையோடு போவது எங்களுக்கு மரியாதை இல்லையே என்று மனைவி நூறு ரோல்ஸ் பொரித்துத் தந்தாள். அங்கேதான் காரியம் பிழைத்தது.

வாசலில் ஹென்னிங் தட்டைத்தான் பார்த்தார். "ஆகா! குசினி அங்காலை இருக்கு." டோல்கியைக் கோட்டு மாட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை. நான் குசினியில் ரோல்ஸ் அடுக்க, அவர் மேடையில் பேசினார்: "அவரின்ரை தாளம் எங்களுக்கு முதல் நாளே விளங்கினது."

பிறகு இசைத்தட்டில் என் நண்பருடைய பியானோ தொடங்கியது. மண்டபம் ஒன்றிலும் மூன்றிலும் ஆணி அடித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலியான தட்டைக் கவிழ்த்து இரண்டிலும் நான்கிலும் அடித்தேன். ஹென்னிங் ஓடிவந்தார்.

"சத்தம் போடாதை, ஆக்கள் அவரைக் கேட்கினம்."

நான் நிறுத்தவில்லை. திறந்த கதவால் கடைசி வரிசையில், என்னோடு விழாவுக்கு வந்த என் மகள் தெரிந்தாள். இங்கேயே பிறந்தவள். என்னைப் பார்த்து "பின்லிட், அப்பா" என்று வாயசைத்தாள், வெட்கக்கேடாம். அவளுடைய கைகள் மண்டபத்தோடு சேர்ந்து ஒன்றில் தட்டின. கதிரைக்குக் கீழே அவளுடைய கால் இரண்டில் தட்டிக்கொண்டிருந்தது.