கரடி பிடித்தபோது வலிக்கவில்லை

மலைமேல் டாக்டர் உத்தியோகம் என்றால், நோயாளியைப் பார்ப்பதற்குள் நமக்கே பாதி உயிர் போய்விடும். ஊர் ஊராக நடந்து வைத்தியம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில், சாலை இல்லாத கொல்லிமலையில் நான் பட்டதில் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் ஏற்றம்

வேலையில் சேர அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். துணைக்கு வந்தவர் கம்பவுண்டர் மாரப்பன். ஒரு திருப்பத்தில் கால் வழுக்கி, வேரைப் பிடித்துத் தொங்கினேன். அவர்தான் இழுத்துப் போட்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே என் வேகத்தை! களைப்பும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை. "சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. ஆபத்து வந்தால் அட்ரினலின் என்ற சரக்கை ரத்தத்தில் கொட்டும், நெஞ்சு வேகமாக அடிக்கும், கை காலுக்குப் பலம் வரும்" என்று அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே ஏறினேன்.

உச்சி வந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இரண்டு காலும் வெடவெடவென்று ஆட, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாரப்பன் பக்கத்தில் நின்று பணிவாகச் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் சுரக்கச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மேடு ஏறோணுமுங்க."

பலா மரத்தடியில்

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு 'நாடு' என்று பெயர். அப்படிக் குண்டனி நாட்டிலிருந்து செல்லன் என்ற விவசாயி நடந்தே வந்தார். பலாப்பழம் தின்ன வந்த கரடியோடு மல்லுக்கட்டிய கதையைச் சாவகாசமாகச் சொன்னார். தோளில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தால், சதை பிளந்து கிடக்கிறது. இனிப் பயமில்லை என்று உடம்புக்குத் தெரியும்வரை வலியும் ஒதுங்கி நின்றிருக்கிறது. தையல் ஊசி பட்டதுதான் தாமதம், மனிதர் துள்ளிவிட்டார். "கரடி இதைவிட மெதுவாத்தானுங்க புடிச்சுது."

தேன் எடுக்கப் போனவர்

தேவனூர் நாட்டுப் பொன்னனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பாறையில் தேன் எடுக்கும்போது தேனீக்கள் மொய்த்துக் கொட்டியிருந்தன. முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்து, மூச்சு விசில் அடித்தது. மனைவி வெள்ளையம்மா கட்டில் காலைப் பிடித்தபடி நின்றாள். இருந்த ஒரே அட்ரினலின் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பொன்னன் கண் திறந்து தண்ணீர் கேட்டார். ஆனால் உடம்பெல்லாம் நடுக்கம்.

"பயப்படாதேம்மா, ஊசி மருந்து செய்கிற வேலை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்" என்றேன்.

வெள்ளையம்மா முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்குச் சரிங்க. உங்க கையும் நடுங்குதுங்களே, உங்களுக்கு ஆருங்க ஊசி போட்டது?"

என் ஆஸ்பத்திரியில் யாரும் கூப்பிடாமலே வேலைக்கு வந்த ஒரே சிப்பந்தி, அந்தச் சுரப்பிதான்.